எலும்பும் உலோகமும் சேரும் இடம்

தொடை எலும்பின் கழுத்து முறிந்து இந்தியாவின் மாவட்ட மருத்துவமனைகளில் சேர்க்கப்படும் முதியவர்கள் பலருக்கு இன்றும் பொருத்தப்படுவது ‘ஆஸ்டின் மூர்’ என்னும் உலோகத் தலை. உருண்டையான தலை, அதன் கீழே தொடை எலும்பின் குழிக்குள் இறங்கும் வளைந்த தண்டு. பெரிய மருத்துவமனைகள் கைவிட்டுவிட்ட பழைய வடிவம்தான். ஆனால் விலை குறைவு, அறுவை எளிது. அதன் தண்டின் மேற்பகுதியில் சாளரம்போல இரண்டு துளைகள் உண்டு. எலும்பு அறுவை பயிலும் மாணவர்களிடம் வாய்மொழித் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, அத்துளைகள் எதற்கு என்பது. அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர், எலும்பு அத்துளைகளின் வழியே வளர்ந்து மறுபக்கம் சேர்ந்து தண்டைத் தானே பூட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். 1950களில் பரவிய அந்த வடிவத்திற்குத் ‘தானே பூட்டிக்கொள்வது’ என்றே பெயர் வழங்கியது.

பின்னாளில் இடுப்பு மூட்டின் உலோகப் பரப்பைப் பற்றி எழுந்த விவாதங்கள் எல்லாம் அவ்விரு துளைகளுக்குள் அடங்கியிருந்தன எனலாம். எலும்பை உலோகத்தோடு ஒட்டவைப்பதா, உலோகத்திற்குள் வளரவிடுவதா, அல்லது உலோகத்தை எலும்பு தன் இனமென்று எண்ணுமாறு ஏமாற்றுவதா? மூன்று வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. மூன்றுக்கும் வெற்றிகள் உண்டு. மூன்றும் தீர்ப்பு வருமுன்னரே வெற்றி அறிவிக்கப்பட்டவை என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. செயற்கை இடுப்பு மூட்டில் இரண்டு வகைப் பரப்புகள் இருக்கின்றன. ஒன்று, தலையும் கிண்ணமும் ஒன்றோடொன்று உராயும் உட்பரப்பு. அது எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மற்றொன்று, தண்டும் கிண்ணமும் எலும்பைத் தொடும் வெளிப்பரப்பு. நடக்கும்போது இடுப்பின்மீது உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை சுமை விழுகிறது. ஓராண்டில் ஒவ்வொரு காலும் சுமார் 10 இலட்சம் முறை இச்சுமையை ஏற்று இறக்குகிறது. வெளிப்பரப்பு இத்தனைக்கும் அசையாதிருக்க வேண்டும். இரண்டு பரப்புகளுக்கும் வேலை வேறு. ஆனால் ஒன்றின் குற்றத்திற்கு மற்றொன்று தண்டனை பெற்ற கதையும் இதற்குள் உண்டு.

1891ஆம் ஆண்டளவில் பெர்லினில் தெமிஸ்டொக்லஸ் குளுக் என்னும் மருத்துவர் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். அவற்றை நிலைநிறுத்த, பாரிஸ் சாந்தும் நுரைக்கல் தூளும் மரப்பிசினும் கலந்த கலவையைப் பயன்படுத்தினார். அவர் கையாண்டவை பெரும்பாலும் காசநோய் அரித்த மூட்டுகள். சீழ் பிடித்து முயற்சி தோற்றது. ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கண்ணாடிக் கிண்ணம் (ஸ்மித்-பீட்டர்சன், 1923), திருகாணியால் இறுக்கிய எஃகு மூட்டு (பிலிப் வைல்ஸ், 1938), அக்ரிலிக் தலை (பாரிசில் ஜூதே சகோதரர்கள், 1946) எனப் பலவற்றை முயன்றனர். ஒவ்வொன்றும் உடைந்தது, தேய்ந்தது, அல்லது தளர்ந்தது.

தளர்வுக்கு முதலில் நம்பத்தக்க விடை கண்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. பல் மருத்துவர்கள் செயற்கைப் பல் செய்யப் பயன்படுத்திய அக்ரிலிக் பசையை, மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் ஸ்மித் என்னும் வேதியியலாளரின் துணையோடு எலும்புக்குள் கொண்டுவந்தார். ‘எலும்புச் சிமெண்ட்’ என்ற பெயர் இன்றுவரை பலரை வழிதவறச் செய்கிறது. அது ஒட்டும் பொருள் அன்று. சுவரில் கதவு நிலையை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் கலவை அடைப்பதுபோல, தண்டுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பிச் சுமையைப் பரவலாக்கும் நிரப்பி. சார்ன்லி இதை ஓயாது வலியுறுத்தினார்.

அவருடைய சிமெண்ட் நின்றது, கிண்ணம்தான் கைவிட்டது. முதலில் அவர் தேர்ந்த டெஃப்லான் கிண்ணங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்து, அந்தத் தூளுக்கு உடல் காட்டிய சினம் எலும்பையே அரித்தது. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. அவர்களை ஒவ்வொருவராக மீண்டும் அறுத்துத் திருத்த நேர்ந்தது. டெஃப்லானும் அதற்கு அடுத்து வந்த பாலிஎத்திலீனும் திசுக்களை என்ன செய்கின்றன என்று அறிய, சார்ன்லி அவற்றின் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். பாலிஎத்திலீனை அவர் முதலில் பொருட்படுத்தவில்லை. அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் ஹாரி கிரேவன் தாமாகவே அதைத் தேய்மான எந்திரத்தில் ஏற்றிவைத்தார். வெளிநாடு சென்று திரும்பிய சார்ன்லி, நாட்கணக்கில் ஓடியும் அது தேய்ந்திராததைக் கண்டார். 1962 நவம்பரில் அது முதல் நோயாளிக்குச் சென்றது. வழுவழுப்பான எஃகுத் தண்டு, சிமெண்ட், பாலிஎத்திலீன் கிண்ணம் என்ற அந்த மூன்றின் சேர்க்கை, பின்னால் வந்த எந்தப் புதுமையையும் அளக்கும் படிக்கல்லாக நிலைத்துவிட்டது.

இந்த டெஃப்லான் படலத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எலும்பை அரித்தது தேய்மானத் தூள் என்பது 1962இலேயே தெரிந்திருந்தது. அடுத்த 25 ஆண்டுகளில் மருத்துவ உலகம் அதைப் பாதி மறந்தது.

1970களின் நடுவில், சிமெண்ட் இட்ட தண்டுகளைச் சுற்றி எக்ஸ்ரே படங்களில் கரும்புள்ளிகள் தோன்றலாயின. எலும்பு கரைந்துகொண்டிருந்தது. பாஸ்டனின் வில்லியம் ஹாரிஸ் 1976இல் இதை விவரித்தார். அறுத்துப் பார்த்தால் உடைந்த சிமெண்ட் துகள்களும் அவற்றைச் சூழ்ந்த அணுக்களும் கண்ணில் பட்டன. கண்ணில் பட்டதே குற்றவாளி ஆயிற்று. ‘சிமெண்ட் நோய்’ என்ற பெயர் பரவியது. சிமெண்ட் இல்லாமலே உலோகத்தை எலும்பில் நிறுத்தும் வழி வேண்டும் என்ற வேட்கை ஒரு பெரும் தொழிலாகவே வளர்ந்தது. பூச்சுகளின் காலம் இப்படித்தான் பிறந்தது.

அடிப்படை ஆய்வு முன்பே தொடங்கியிருந்தது. கனடாவின் டொராண்டோவில் ராபர்ட் பில்லியரும் அவருடைய தோழர்களும் கோபால்ட்-குரோமிய மணிகளை உலோகத் தண்டின்மேல் பரப்பி, உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடேற்றி ஒட்டவைத்தனர். கூழாங்கற்களைக் கொட்டிவைத்ததுபோன்ற பரப்பு, மணிகளுக்கிடையே நுண்துளைகள். நாய்களிடம் செய்த ஆய்வுகளில், 50 முதல் 400 மைக்ரான் அளவுள்ள துளைகளில் எலும்பு விரைவாகவும் வலுவாகவும் வளர்வது 1980இல் வெளியான கட்டுரையில் உறுதிப்பட்டது. தலைமயிரின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்பதை நினைத்தால் இந்த அளவு விளங்கும். துளை அளவைவிடக் கடுமையான நிபந்தனை ஒன்றும் தெரியவந்தது: தொடக்க வாரங்களில் தண்டு அசையக்கூடாது. சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் துளைகளுக்குள் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு புகுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. நடப்பவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

சிகாகோவில் ஹோர்ஹே கலாந்தே டைட்டானியக் கம்பி நறுக்குகளை அழுத்திச் சல்லடைபோல் ஆக்கித் தண்டுகளில் பதித்தார். பிரான்சில் ஜெரால் லோர் பவளப் பாறையின் மேடுபள்ளங்களைப் பின்பற்றிய பரப்பை வடித்தார். வர்ஜீனியாவில் சார்லஸ் எங் மணிப்பூச்சுத் தண்டுகளை ஆயிரக்கணக்கில் பொருத்தியதோடு நில்லாமல், தம் நோயாளிகளைப் பல்லாண்டுகள் விடாது பின்தொடர்ந்தார். அவர்களுள் சிலர் இறந்தபின் கொடையாக வந்த தொடை எலும்புகளையும் குறுக்காக அறுத்து, துளைகளில் எலும்பு உண்மையிலேயே புகுந்திருக்கிறதா என்று பார்த்தார். புகுந்திருந்தது. இத்துறையில் ஊகத்திற்கு இடமின்றிக் கிடைத்த சான்றுகளுள் அது ஒன்று.

ஆனால் வென்ற பரப்புக்கும் விலை இருந்தது. அடிவரை மணிப்பூச்சிட்ட தண்டு எலும்பை மிக நன்றாகப் பற்றிக்கொண்டது. சுமை முழுவதும் தண்டு வழியே அடிப்பகுதிக்கு இறங்கிற்று. மேற்பகுதி எலும்பு வேலையற்று மெலிந்தது. உழைக்காத எலும்பைப் பேண உடலுக்கு விருப்பமில்லை. சிலருக்குத் தொடையில் தீராத வலி. தொற்று வந்து எடுக்க வேண்டிய நிலையிலோ, எலும்பை நெடுக்கில் பிளந்தாலன்றித் தண்டு வெளிவராது. பூச்சைத் திட்டுத்திட்டாக மட்டும் இட்ட வடிவங்கள் வேறொரு வகையில் ஏமாற்றின. திட்டுகளுக்கிடையே பூச்சில்லாத வழுவழுப்பான ஓடைகள் இருந்தன. மூட்டில் தேய்ந்த பாலிஎத்திலீன் தூள் அவற்றின் வழியே நீரோடு கீழிறங்கி, எலும்பைத் தண்டின் அடிவரை அரித்தது. பூச்சைத் தண்டைச் சுற்றி வளையமாக இட்டால் அது அணைபோல் தூளைத் தடுக்கும் என்பது நோயாளிகளின் எலும்பைக் கொடுத்துக் கற்ற பாடம்.

இதே காலத்தில் ஐரோப்பா எளிய வழியொன்றில் சென்றது. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களின் எலும்பில் பதித்த டைட்டானியக் குழலை எடுக்க முயன்றபோது அது எலும்போடு சேர்ந்துவிட்டிருந்தது. அவர் அதைப் பல் வேர்களுக்குப் பயன்படுத்தினார். இடுப்பு மருத்துவர்கள் கற்றுக்கொண்டது: டைட்டானியத்திற்குத் துளைகள்கூட வேண்டியதில்லை, சற்றே சொரசொரப்பு போதும். வியன்னாவின் கார்ல் ஸ்வைமுல்லர் 1979 முதல் பயன்படுத்திய செவ்வகத் தண்டின் பரப்பு, அலுமினா மணலை வேகமாக வீசிச் சொரசொரப்பாக்கியது. மேடுபள்ளம் சில மைக்ரான் மட்டுமே. துளைக்குள் வளர்வது வேறு, பரப்பின்மேல் வளர்வது வேறு. ஸ்வைமுல்லரின் தண்டு இரண்டாவது வகை. பூச்சு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. அதனாலேயே விளம்பரங்களில் அதிகம் பேசப்படாமல் நாற்பதாண்டுகளாக நன்றாக உழைத்துவருகிறது.

மூன்றாவது வழி, ஏமாற்றும் வழி. எலும்பின் கனிமப் பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். அதன் செயற்கை உறவினன் ஹைட்ராக்ஸி அபடைட். அதை உலோகத்தின்மேல் பூசினால் எலும்பு அதனை அயலாகக் கருதாது என்பது கருத்து. பூசும் முறை வன்மையானது. பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாச் சுடருக்குள் தூளைச் செலுத்தி, பாதி உருகிய துளிகளாக உலோகத்தின்மேல் வீசியடிப்பார்கள். அந்தக் கணநேர வெப்பத்தில் படிகத்தின் ஒரு பகுதி சிதைந்து எளிதில் கரையும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே ‘ஹைட்ராக்ஸி அபடைட் பூச்சு’ என்பது ஒரே பொருளின் பெயர் அன்று; தடிமன், படிக அளவு, ஒட்டும் வலிமை ஆகியவற்றால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும் ஒரு குடும்பத்தின் பெயர். தடித்தால் உரிந்து விழும். மெலிந்தால் விரைவில் கரையும். பல நிறுவனங்கள் 50 மைக்ரானை ஒட்டி நின்றன. பிரெஞ்சுக்காரர்கள் 150 வரை சென்றனர்.

லண்டனின் ரொனால்ட் பர்லாங் 1985இல் இப்பூச்சிட்ட தண்டை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தில் ரூடால்ஃப் கேசிங்கும் பிரான்சில் ஆர்த்ரோ குழுவினரும் தத்தம் வடிவங்களோடு வந்தனர். பிரெஞ்சுக்காரர்களின் ‘கொராய்’ தண்டு பின்னாளில் உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் தண்டுகளுள் ஒன்றாயிற்று.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. பூச்சு கரையும் என்றால், கரைந்தபின் தண்டை எது பற்றும்? உரிந்த கடினத் துகள் மூட்டுக்குள் புகுந்தால் பாலிஎத்திலீனைச் சாணைபோல் தேய்க்காதா? இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை காணக் கையாளப்பட்ட இரண்டு அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதுதான் இந்த வரலாற்றில் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம்.

முதல் அளவுகோல் ஸ்வீடனின் லூண்ட் நகரில் 1970களில் கோரான் செல்விக் உருவாக்கியது. எலும்பிலும் செயற்கை மூட்டிலும் கடுகினும் சிறிய டான்டலம் மணிகளைப் பதித்து, இரு கோணங்களில் ஒரேநேரத்தில் எக்ஸ்ரே எடுத்தால், தண்டு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு நகர்ந்தாலும் கணக்கிட்டுவிடலாம். சில பத்து நோயாளிகளும் இரண்டு ஆண்டுகளும் போதும். இந்த அளவுகோலில் ஹைட்ராக்ஸி அபடைட் நல்ல பெயர் வாங்கிற்று: பூச்சிட்டவை தொடக்க மாதங்களில் குறைவாகவே நகர்ந்தன.

இரண்டாவது அளவுகோல் எண்ணிக்கை. நாட்டில் செய்யப்படும் ஒவ்வொரு மூட்டு மாற்றையும், பின்னர் ஒவ்வொரு மறு அறுவையையும் பதிந்து, எது எத்தனை ஆண்டு நிற்கிறது என்று பார்ப்பது. டென்மார்க்கின் பதிவேட்டிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட தண்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை, பூச்சிட்டவற்றுக்கும் இடாதவற்றுக்கும் மறு அறுவையில் வேறுபாடு காணவில்லை. ஸ்வீடனில் ஒரே வடிவமுள்ள தண்டைப் பூச்சோடும் பூச்சின்றியும் ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதையே சொன்னது. கிண்ணங்களின் கணக்கு அதனினும் கசப்பு. 8,000க்கும் மேற்பட்ட இடுப்புகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஸ்வீடன் ஆய்வில், பூச்சிட்ட கிண்ணங்கள் தளர்ந்து மறு அறுவைக்கு வரும் வாய்ப்பு பூச்சிடாதவற்றைவிட அதிகமாக இருந்தது.

இரண்டு அளவுகோல்களும் பொய் சொல்லவில்லை. முதலாவது பூச்சின் இளமையை அளந்தது. இரண்டாவது அது மறைந்தபின் நிகழ்ந்ததை அளந்தது. பூச்சு கரைந்தபின் எலும்பு தொடுவது அதன் கீழிருக்கும் உலோகத்தைத்தான். கொராய் தண்டின் அடியில் சொரசொரப்பான டைட்டானியமும் வரிப்பள்ளங்களும் இருந்தன. பூச்சு போனாலும் பற்றிக்கொள்ள இடமிருந்தது. வழுவழுப்பான உலோகத்தின்மேல் பூசிய சில கிண்ணங்கள் முதல் சில ஆண்டுகள் அருமையாக நின்று, பின் சரசரவெனத் தளர்ந்தன. மேலும், தண்டு ஆப்புபோல எலும்புக் குழாய்க்குள் அழுந்துகிறது, ஆனால் கிண்ணத்தின் விளிம்பிலோ சுமை இழுக்கவும் புரட்டவும் செய்கிறது. ஒரே பூச்சு ஓரிடத்தில் நண்பனாகவும் மற்றோரிடத்தில் வெறும் ஒப்பனையாகவும் ஆயிற்று. ஆக, எந்தப் பூச்சு சிறந்தது என்று கேட்பதற்குமுன் எதன்மேல் பூசப்பட்டது, எங்கே பொருத்தப்பட்டது, எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. விற்பனைத் தாள்களில் முதல் கேள்விக்கு மட்டுமே விடை இருக்கும்.

சொரசொரப்பு எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் ஒரு தண்டு தகர்த்தது. இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் மருத்துவர் ராபின் லிங்கும் பொறியாளர் கிளைவ் லீயும் 1970இல் சிமெண்டுக்கென வடித்த தண்டு கண்ணாடிபோல் மெருகிட்டது. 1976இல் மெருகு நீங்கி மங்கலான பரப்புக்கு மாறிற்று. அந்த மாற்றத்தை அப்போது எவரும் பெரிதாக எண்ணவில்லை. பற்றுதல் கூடும் என்றால் நல்லதுதானே. ஆனால் தளர்வு கூடிற்று. மெருகிட்ட தண்டு சிமெண்டுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் ஆப்பாய் இறங்கி இறுகுவது. மங்கலான தண்டோ இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சிமெண்டை அரமாக அராவியது. 1986இல் மீண்டும் மெருகுக்குத் திரும்பினர். மெருகிட்ட அந்தத் தண்டு இன்று எல்லாப் பதிவேடுகளிலும் முன்வரிசையில் இருக்கிறது. கைக்குத் தட்டுப்படாத சில மைக்ரான் வேறுபாடு. அதைச் சரிசெய்யப் பத்தாண்டுகள்.

‘சிமெண்ட் நோய்’ என்னவாயிற்று? சிமெண்டே இல்லாத மூட்டுகளிலும் அதே கரும்புள்ளிகள் 1980களின் இறுதியில் தோன்றின. ஹான்ஸ்-கெயோர்க் வில்லெர்ட்டும் மாண்ஃப்ரெட் செம்லிச்சும் 1977இலேயே சொல்லியிருந்ததை உலகம் அப்போதுதான் ஏற்றது: எலும்பைக் கரைப்பது தேய்மானத் துகள், குறிப்பாக உட்பரப்பில் தேய்ந்த பாலிஎத்திலீன். சார்ன்லி டெஃப்லானில் கண்டது அதுவே. வெளிப்பரப்பின்மீது சுமத்தப்பட்ட குற்றம் உட்பரப்பினுடையது. கதிர்வீச்சால் இறுக்கிப் பின்னப்பட்ட புதிய பாலிஎத்திலீன் 1990களின் இறுதியில் வந்தபின் அந்த அரிப்பு வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் சந்தைக்கு வந்த புதிய பூச்சுகள் அந்தப் புகழில் பங்கு வாங்கிக்கொண்டதும் நடந்தது. பழைய பாலிஎத்திலீனோடு சோதிக்கப்பட்ட பூச்சையும் புதியதோடு சோதிக்கப்பட்ட பூச்சையும் ஒப்பிடுவது, மேட்டு நிலத்து விளைச்சலையும் ஆற்றங்கரை விளைச்சலையும் வைத்து விதையின் தரத்தை முடிவுசெய்வது போன்றது.

எவரும் பூச நினைக்காத பூச்சு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் டெக்சசில் சல்சர் நிறுவனம் செய்த ‘இன்டர்-ஆப்’ கிண்ணம் நல்ல நுண்துளைப் பரப்புடையது. 2000ஆம் ஆண்டில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் சில மாதங்களிலேயே வலியோடு திரும்பி வந்தனர். திறந்து பார்த்தால் எலும்பு ஒரு துளைக்குள்ளும் வளரவில்லை. உலோகத்தைக் கடையும் எந்திரத்திலிருந்து கசிந்த எண்ணெய் துளைகளுக்குள் தங்கியிருந்தது. தூய்மை செய்யும் முறையில் நேர்ந்த மாற்றத்தால் அது நீங்காமல் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கானோர் மறு அறுவைக்கு உள்ளாயினர். வழக்குகள் ஏறத்தாழ 100 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன. மணியும் துளையும் வடிவமும் சரி. தவறியது கழுவும் தொட்டி. எலும்பு வளரட்டும் என்று அகழ்ந்த துளைகளே எண்ணெய்க்கும் நல்ல உறைவிடமாயின.

அதற்குப் பின் வந்த பரப்புகள் துளைமயமானவை. டான்டலம் என்னும் உலோகத்தைக் கரிச் சட்டகத்தின்மேல் ஆவியாகப் படியவைத்து, முக்கால் பங்கு வெற்றிடமாக இருக்கும் கடற்பஞ்சுபோன்ற கட்டமைப்பை உருவாக்கினர். எலும்பு மிகுதியாக இழந்த மறு அறுவைகளில் அது கைகொடுத்தது. 2007 முதல் இத்தாலியில் டைட்டானியத் தூளை அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட கிண்ணங்கள் வந்தன. அவற்றில் பூச்சுக்கும் உடலுக்கும் பிரிவே இல்லை, உரிவதற்கு ஏதுமில்லை. அவற்றைப் பற்றிய முதல் செய்திகள் மகிழ்ச்சியானவை. ஹைட்ராக்ஸி அபடைட்டைப் பற்றிய முதல் செய்திகளும் அப்படித்தான் இருந்தன.

தீர்ப்பு சொல்லும் பதிவேடுகள் எப்படிப் பிறந்தன என்பதும் இக்கதையின் பகுதியே. ஸ்வீடன் 1979இல் தொடங்கிற்று. நார்வே, தன் நாட்டிலேயே வடித்துப் பரவலாகப் பொருத்திய ஒரு மூட்டு பெருமளவில் தோற்றதைக் காலம் கடந்து உணர்ந்தபின் 1987இல் தொடங்கிற்று. இங்கிலாந்தில் விலை குறைந்தது என்பதால் 1991 முதல் 1997 வரை சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்ட ‘கேப்பிட்டல்’ மூட்டு, மிகவும் விரைவாகத் தளர்வது கண்டறியப்பட்டு, 1998இல் எச்சரிக்கை வெளியாயிற்று. அந்த 4,700 பேரைத் தேடிப் பிடிப்பதற்குள் மருத்துவத் துறை திணறிப்போயிற்று. அந்த வெட்கத்தின் பயனாக 2003இல் அந்நாட்டின் தேசியப் பதிவேடு பிறந்தது. 75 வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய சிமெண்ட் தண்டே பாதுகாப்பானது, சிமெண்ட் இல்லாத தண்டுகளைச் சுற்றி எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டுப் பதிவேடுகளும் இன்று ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் அதே நாடுகளிலேயே சிமெண்ட் இல்லாதவற்றின் பயன்பாடு ஏறிக்கொண்டே போயிற்று. அறுவை நேரம் குறைவு என்பது ஒரு காரணம். புதியதன் கவர்ச்சியையும் காரணமாகச் சொல்லாமல் விட முடியாது.

இந்தியாவின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கு இடுப்பு மூட்டு மாற்றத்திற்கு முதன்மையான காரணம் முதுமைத் தேய்மானம் அன்று. தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அது மடிந்துபோகும் நோய். நோயாளிகள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள். முதுகெலும்பு இறுகும் வாதநோயால் இடுப்பு உறைந்துபோன இளைஞர்களும் உண்டு. தரையில் சம்மணமிட்டு அமர்வதும் குந்துவதும் இங்கு நாள்தோறும் நிகழ்பவை. முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் பொருத்திய பரப்பு முப்பது ஆண்டுகளேனும் நிற்க வேண்டும். அவருக்குச் சிமெண்ட் இல்லாத மூட்டைத் தேர்வதில் நியாயம் இருக்கிறது. எனினும், எண்பது வயதினரிடம் திரட்டிய ஐரோப்பிய எண்ணிக்கையிலிருந்து அவருடைய முப்பதாண்டுகளைக் கணிப்பது எளிதன்று. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸி அபடைட் சார்ந்த எலும்பு நிரப்பிகளை உருவாக்கும் திறனை நாட்டிற்கு அளித்தது. ஆயினும் பூச்சிட்ட இடுப்பு மூட்டுகளில் பெரும்பகுதி நெடுங்காலம் இறக்குமதியாகவே இருந்தது. 2005இல்தான் எலும்பு மூட்டுக் கருவிகள் மருந்துச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தன. மருத்துவர் சங்கமொன்றின் முயற்சியால் 2006இல் தொடங்கிய இந்தியப் பதிவேடு, விரும்பியவர் விவரம் தரும் தன்னார்வ ஏற்பாடு.

அந்த வெற்றிடத்தின் அளவு 2010இல் தெரிந்தது. டீப்யூ நிறுவனத்தின் ‘ஏ.எஸ்.ஆர்.’ மூட்டு, உலோகம் உலோகத்தோடு உராய்வது. உட்பரப்பிலிருந்து உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றியுள்ள தசையைச் சிதைத்தன. வெளிப்பரப்போ அக்காலத்தின் நல்வழக்கைப் பின்பற்றிய ஒன்று: உலோக மணிகள், அவற்றின்மேல் ஹைட்ராக்ஸி அபடைட். ஆஸ்திரேலியப் பதிவேடு 2007இலேயே இம்மூட்டின்மேல் ஐயத்தை எழுப்பியது; 2009 டிசம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 93,000 பேர்.

இந்தியாவில் அத்தகைய அறுவைகள் சுமார் 4,700 நடந்திருந்தன. ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு 2018இல் அறிக்கை தந்தபோது, நிறுவனத்தின் உதவி மையத்தில் பதிந்திருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே. 30 இலட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு தரும் வாய்பாடு வகுக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள வேண்டியவர்களில் பெரும்பாலோர் எந்த ஊரில் இருக்கின்றனர், உயிரோடு இருக்கின்றனரா, தம் உடலில் இருப்பது அந்த மூட்டுத்தான் என்று அறிவார்களா என்பதைச் சொல்ல நாட்டில் எந்தப் பேரேடும் இல்லை.

ஒவ்வொரு செயற்கை மூட்டின் பெட்டியிலும் சில ஒட்டுத்தாள்கள் வருகின்றன. வடிவத்தின் பெயர், அளவு, பூச்சின் வகை, தொகுதி எண் ஆகியவை அவற்றில் அச்சாகியிருக்கும். அறுவை அரங்கின் செவிலியர் அதில் ஒன்றை உரித்து நோயாளியின் மருத்துவக் கோப்பில் ஒட்டுகிறார். கோப்பு மருத்துவமனையின் பதிவறைக்குப் போகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய தாள்களோடு கழிக்கப்படுகிறது. நோயாளி கையில் எடுத்துச் செல்வது வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு. அதில் பல வேளைகளில் ‘சிமெண்ட் இல்லாத முழு இடுப்பு மாற்று, வலது’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் இருப்பதில்லை.